காட்டுக்கோழி பறக்குது, வீட்டுக்கோழி ஏன் பறக்கல? இறக்கையும் பயமும் பத்தி ஒரு எளிய விளக்கம்

போன மாசம் பொள்ளாச்சி பக்கம் ஒரு வாரச்சந்தையில ஒருத்தர் பஞ்சாரத்துக்குள்ள ஏழெட்டு குஞ்சுகளப் போட்டு "ஒரிஜினல் காட்டுக்கோழிக் குஞ்சுங்க, மலையில முட்டை எடுத்து அடை வச்சது"ன்னு சொல்லி வித்துட்டு இருந்தாரு, விலையும் நாட்டுக்கோழிக் குஞ்ச விட நாலு மடங்கு. நான் பக்கத்துல குத்தவச்சு கொஞ்ச நேரம் பார்த்தேன். மூணு வாரக் குஞ்சுங்க, இறக்கை நல்லா முளைச்சிருந்துச்சு. அவரு கைய உள்ள விட்டதும் அத்தனையும் கைக்கிட்ட ஓடி வந்து விரல் இடுக்குல இருந்த கம்ப கொத்துது, ஒண்ணு மணிக்கட்டு மேல ஏறி உட்காந்து கண்ண மூடிடுச்சு. அதுக்கு மேல நிறத்த எல்லாம் பார்க்கணும்னு எனக்கு தோணல. கூட வந்த தம்பி "எப்படிண்ணா பார்த்ததும் காட்டுக்கோழி இல்லன்னு சொல்றீங்க"ன்னு கேட்டான், வீடு வந்து சேர்ற வரைக்கும் அவனுக்கு சொல்லிட்டு வந்தத தான் இங்க எழுதுறேன், கோழி வளர்க்க ஆரம்பிக்கிறவங்களுக்கும் உபயோகமா இருக்கும்.

முதல்ல எந்தக் காட்டுக்கோழின்னு தெரிஞ்சுக்கணும். உலகத்துல காட்டுக்கோழி மொத்தம் 4 இனம் தான். வட இந்தியாவோட இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா, வடகிழக்கு, அங்கிருந்து பர்மா தாய்லாந்து வரைக்கும் போற சிவப்புக் காட்டுக்கோழி ஒண்ணு. நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையிலயும் தென்னிந்தியக் காடுகள்லயும் இருக்குற சாம்பல் காட்டுக்கோழி இன்னொண்ணு. இலங்கையில மட்டும் இருக்குற, அந்த நாட்டோட தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழி மூணாவது. ஜாவா, பாலி பக்கம் இருக்குற பச்சைக் காட்டுக்கோழி நாலாவது. நம்ம வீட்டுக் கோழிக்கு பாட்டன் சிவப்பு தான். 2020ல நூத்துக்கணக்கான கோழிகளோட மரபணுவ படிச்சு, பர்மா, வட தாய்லாந்து, தென்மேற்கு சீனா பக்கம் இருக்குற சிவப்புக் காட்டுக்கோழியில இருந்து தான் வீட்டுக்கோழி வந்துச்சுன்னு சொன்னாங்க. ஆனா நம்ம சாம்பலுக்கும் அதுல ஒரு பங்கு இருக்கு, மஞ்சக் கால் உள்ள கோழிகள பார்த்திருப்பீங்க, அந்த மஞ்சத்தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழிகிட்ட இருந்து கலந்து வந்ததுன்னு 2008லயே கண்டுபிடிச்சுட்டாங்க. இது எனக்கு ரொம்பப் பெருமையான விஷயம். எங்கேயோ அமெரிக்காவுல பிளாஸ்டிக் கவர்ல விக்கிற மஞ்சத்தோல் கோழிக்குள்ள நம்ம பக்கத்துக் காட்டுச் சேவலோட ஒரு துண்டு இருக்கு.

சரி, பறக்குறதுக்கு வருவோம். ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு ஏறுற வழியில ஒரு தடவ விடியக்காலை நடந்துட்டு இருந்தேன், ஓரத்துல உண்ணிச்செடி புதர், அதுக்குள்ள சருகு கிளர்ற சத்தம், வீட்டுக் கோழி குப்பைய கிளர்ற அதே சத்தம் தான். ஒரு முப்பது அடி தூரத்துல இருந்திருக்கும். நான் ஒரு அடி எடுத்து வச்சேன், சத்தம் நின்னுடுச்சு, அடுத்த அடி வைக்கிறதுக்குள்ள பறை அடிச்ச மாதிரி ஒரு படபடப்பு, ஒரு சேவல் புதருக்குள்ள இருந்து கிட்டத்தட்ட நெட்டுக்குத்தா மேல கிளம்புச்சு, தலை உயரத்துக்கு மேல வந்ததும் திரும்பி இறக்கைய விரிச்சு அடிக்காம அப்படியே சரிவுல வழுக்கிட்டுப் போயி மரத்துக்குப் பின்னாடி மறைஞ்சுடுச்சு. மொத்தமே நாலு அஞ்சு செகண்ட். கழுத்துல இருந்த வெள்ளைப் புள்ளி வெயில்ல ஒரு தடவ மின்னுனது மட்டும் கண்ணுல நின்னுச்சு, மெழுகு சொட்டு விட்ட மாதிரி இருக்கும் அந்தப் புள்ளி. சங்க காலத்துப் புலவரே கானக்கோழிச் சேவலோட கழுத்துப் புள்ளிய கவனிச்சுப் பாடியிருக்காரு.

இந்த நாலு செகண்டுக்குள்ள தான் விஷயம் எல்லாம் இருக்கு. காட்டுக்கோழி "நல்லா பறக்கும்"னு சொன்னா நிறைய பேரு புறா, காக்கா மாதிரி பறக்கும்னு நினைச்சுக்கிறாங்க, அது இல்ல. காட்டுக்கோழி நாள் முழுக்க தரையில நடக்குற பறவை. அது பறக்குறது ரெண்டு காரியத்துக்குத் தான், ஆபத்து வந்தா தப்பிக்க, சாயங்காலம் ஆனா மூங்கிலோ மரமோ ஏறி அடைய. ஓட்டப்பந்தயத்துல நூறு மீட்டர் ஓடுறவரும் மாரத்தான் ஓடுறவரும் ரெண்டு பேரும் ஓடுறவங்க தான், ஆனா உடம்பு வேற வேற. காட்டுக்கோழி நூறு மீட்டர் ஆளு.

இத உங்க சமையக்கட்டுலயே பார்க்கலாம். கோழிய வெட்டும்போது நெஞ்சுக்கறி வெளுப்பா இருக்கும், தொடைக்கறி கருஞ்சிவப்பா இருக்கும். நாள் பூரா நடக்குற காலுக்கு ஆக்ஸிஜன் தொடர்ந்து வேணும், அதனால அங்க அத பிடிச்சு வைக்கிற சிவப்புப் பொருள் நிறைய இருக்கும். நெஞ்சுக்கறி தான் இறக்கைய அடிக்கிற சதை, அது வெளுப்பா இருக்குன்னா அது திடீர்னு முழு பலத்தையும் கொட்டிட்டு சீக்கிரம் களைச்சுப்போற சதைன்னு அர்த்தம், அதுக்குள்ள சேத்து வச்ச சர்க்கரைய ஆக்ஸிஜன் வர்றதுக்குக் கூட காத்திருக்காம எரிச்சுத் தள்ளிடும். புறாவ வெட்டுனவங்களுக்கு தெரியும், அதுக்கு நெஞ்சே கருஞ்சிவப்பா இருக்கும், ஏன்னா அது மணிக்கணக்கா பறக்குற ஜீவன். ஆக காட்டுக்கோழிக்கும் வீட்டுக்கோழிக்கும் இஞ்சின் ஒரே வகை தான், குட்டையான வட்டமான இறக்கையும் ஒரே அமைப்பு தான், புதருக்குள்ள இருந்து படக்குனு கிளம்புறதுக்கு ஏத்த இறக்கை அது.

அப்புறம் எங்க வித்தியாசம்? எடையில. சாம்பல் காட்டுக்கோழிச் சேவல் முழுசா வளர்ந்தாலும் ஏறக்குறைய 800 கிராம்ல இருந்து 1,100 கிராம் தான், பொட்டை அதுக்கும் கீழ. கடையில வாங்குற பிராய்லர் 40 நாள் கூட ஆகாத குஞ்சு, அதுவே 2 கிலோ. நாட்டுக்கோழியில பெரிய ரகமான பெருவிடை, அதுல நல்ல சேவல் 4 கிலோவத் தாண்டும். எடை கூடுனா இறக்கையும் தானே கூடும்னு தம்பி கேட்டான், நல்ல கேள்வி, கூடும், ஆனா அதே கணக்குல கூடாது. ஒரு கோழிய அப்படியே நீளம் அகலம் உயரம் எல்லாத்துலயும் ரெண்டு மடங்கு ஆக்குனதா வச்சுக்கோங்க, இறக்கையோட பரப்பு 4 மடங்கு தான் ஆகும், எடை 8 மடங்கு ஆயிடும். அப்போ ஒவ்வொரு சதுர அங்குல இறக்கையும் முன்ன தூக்குனத விட ரெண்டு மடங்கு பாரத்த தூக்கணும். அதோட உடம்பு பெருசாக பெருசாக இறக்கை அடிக்கிற வேகமும் குறையும், தரையில இருந்து எம்பிக் கிளம்புறதுக்கு மிச்சமா கையில இருக்குற பலமும் குறைஞ்சுட்டே வரும். பிராய்லருக்கு நெஞ்சுச் சதை மலை மாதிரி இருக்கே, அது பறக்கணும்ல அப்படின்னா, அந்தச் சதைய நாம கறிக்காக வளர வச்சிருக்கோம், இறக்கை எலும்பும் இறகும் அதே வேகத்துல வளரல, நெஞ்சுல ஏத்துன பாரமே அத தரையோட அழுத்திடுது, நடக்குறதுக்கே அதுக்கு சிரமம். அதப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

இதனால தான் நாட்டுக்கோழியிலயே சின்ன ரகமான சிறுவிடை நல்லா பறக்கும். எங்க வீட்டுல சிறுவிடைப் பொட்டைங்க சாயங்காலம் ஆறு மணிக்கு முதல்ல மாட்டுச்சாலைக் கூரை, அங்கிருந்து முருங்கை, அங்கிருந்து புளியமரம்னு மூணு தாவுல பதினஞ்சு அடி ஏறிடும், பெருவிடைச் சேவல் கீழ நின்னு அண்ணாந்து பார்த்துட்டு கூண்டுக்குள்ள போயிடும். வேலி தாண்டுதுன்னு தொந்தரவு இருந்தா ஒரு பக்கத்து இறக்கையில மட்டும் நீள இறகுகள கத்திரிச்சு விடுங்க, ரெண்டு பக்கமும் வேண்டாம், ஒரு பக்கம்னா சமநிலை தப்பி கிளம்பவே முடியாது, வலிக்கவும் செய்யாது, அடுத்த தடவ இறகு உதிர்ந்து முளைக்கும்போது பழையபடி வந்துடும். இரத்தம் ஓடுற புது இறக மட்டும் வெட்டிடாதீங்க.

ஆனா எடைய மட்டும் வச்சு கணக்கு போட்டா சிறுவிடையும் காட்டுக்கோழியும் ஒண்ணுன்னு ஆயிடும், ஆகாது. ஏன்னா சிறுவிடை பறக்க முடியும், ஆனா பறக்கணும்னு அதுக்கு தோணுறது அபூர்வம். நாய் துரத்துனா கத்திக்கிட்டு நாலு அடி எம்பி திண்ணையில உட்காந்துக்கும். காட்டுக்கோழிக்கு மனுச நிழல் பட்டாலே போதும். இங்க தான் குணம் வருது, என்னைக் கேட்டா இறக்கைய விட இது தான் முக்கியமான வித்தியாசம்.

"காட்டுக்கோழி ரொம்ப முரடு, கொத்தும், பாயும்"னு சொல்றவங்க நிறைய. கோபம் வேற, பயம் வேற. சண்டைச் சேவல எடுத்துக்கோங்க, இன்னொரு சேவல பார்த்தா உயிர விட்டு அடிக்கும், ஆனா வளர்க்கிறவர் கையில குழந்தை மாதிரி இருக்கும், கக்கத்துல இடுக்கிட்டு டீக்கடைக்கு போவாங்க. அதுக்கு கோபம் நிறைய, மனுசன் மேல பயம் சுத்தமா இல்ல. காட்டுச் சேவலும் தன் எல்லைக்குள்ள இன்னொரு சேவல் வந்தா கால்முள்ளால குத்தி சண்டை போடத் தான் செய்யும், ஆனா மனுசன பார்த்தா சண்டைக்கு வராது, காணாம போயிடும். கூண்டுல அடைச்சா சுவத்துலயும் கம்பியிலயும் மோதி தலைய உடைச்சுக்கும், அத பார்த்துட்டு தான் முரடுன்னு பேரு வச்சிருக்காங்க, அது முரட்டுத்தனம் இல்ல, உயிர் பயம்.

1960கள்ல அமெரிக்க அரசு வேட்டைப் பறவையா பெருக்கலாம்னு இந்தியாவுல இருந்து சிவப்புக் காட்டுக்கோழிகள கொண்டுபோயி தெற்கு மாநிலக் காடுகள்ல விட்டாங்க, நிலைக்கல. அந்த வம்சத்துல மிச்சமிருந்தத பிரிஸ்பின்ங்கிற சூழலியல் ஆராய்ச்சியாளரு காப்பாத்தி வச்சாரு. தலைமுறை தலைமுறையா கூண்டுல பொரிச்சு கூண்டுல வளர்ந்தும் அதுங்களோட மிரட்சி போகல. இது ஆரம்பத்துல எனக்கே புரியல, கூண்டுலயே பொறந்தா பழகிடாதான்னு தான் நினைச்சேன்.

பழக்குறது வேற, வளர்ப்பினம் ஆக்குறது வேற. இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சா மீதி எல்லாம் புரிஞ்சிடும். பழக்குறதுன்னா அந்த ஒரு பறவை தன் வாழ்நாள்ல உங்கள கண்டு கொஞ்சம் பயம் தெளியுறது, அது அதோட முடிஞ்சிடும், அதோட குஞ்சுக்கு போகாது. வளர்ப்பினம் ஆகுறதுன்னா பயம் குறைச்சலா பொறந்த பறவைகள மட்டும் திரும்பத் திரும்ப இணை சேர்த்து, முட்டைக்குள்ள இருக்கும்போதே பயம் கம்மியா பொறக்குற ஒரு வம்சத்த உண்டாக்குறது. எங்க அப்புச்சி சொல்வாரு, சட்டம் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி மலையடிவாரத்துல காட்டுக்கோழி முட்டைய கொண்டுவந்து நாட்டுக்கோழி அடையில வச்சு பொரிக்க வச்சாங்களாம், குஞ்சும் பொரிச்சு தாய்க்கோழி பின்னாடியே சுத்துமாம், ஆனா மனுசன் வாசல்ல வந்தா தாய் கூப்பிட்டாலும் வராம கிடைச்ச சருகுக்குள்ள பதுங்கி அசையாம கிடக்குமாம், தாயோட சொந்தக் குஞ்சுங்க காலடியில மேயும்போதே. இறக்கை முளைச்சு ஒரு நாள் காலையில பார்த்தா இருக்காதாம். ஒரே தாய், ஒரே வாசல், ஒரே தீனி, ஆனா குணம் வேற.

இத ஸ்வீடன்ல லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்துல பெர் ஜென்சன் குழு முறையா செஞ்சே பார்த்தாங்க. சிவப்புக் காட்டுக்கோழிகள எடுத்து, மனுசன் ஒருத்தர் மெதுவா கிட்ட போகும்போது எது எவ்வளவு பயப்படுதுன்னு அளந்து, பயம் கம்மியா இருக்குறத ஒரு வரிசையாவும் பயம் ஜாஸ்தியா இருக்குறத இன்னொரு வரிசையாவும் தனித்தனியா இணை சேர்த்துட்டே வந்தாங்க. எடைய பார்க்கல, முட்டைய பார்க்கல, நிறத்த பார்க்கல, பயத்த மட்டும் தான் பார்த்தாங்க. கொஞ்ச தலைமுறையிலயே பயம் கம்மி வரிசையில இருந்த கோழிங்க உடம்பு பெருசாக ஆரம்பிச்சுது, முட்டையும் பெருசா போட்டுது. பத்து தலைமுறை ஆனப்போ உடம்போட ஒப்பிட்டா மூளை சின்னதாயிருந்துச்சு, அதுலயும் மூளைத்தண்டுப் பகுதி, அதே சமயம் பயமுறுத்துற வெளிச்சத்த திரும்பத் திரும்ப காட்டும்போது "இதுல ஒண்ணும் இல்ல"ன்னு சீக்கிரம் விட்டுட்டுது. நாம கறிக்காகவும் முட்டைக்காகவும் தான் கோழிய மாத்துனோம்னு நினைச்சுட்டு இருக்கோம், ஆனா பயத்த மட்டும் குறைச்சாலே மத்ததெல்லாம் பின்னாடியே இழுத்துட்டு வருதுன்னா, முதல்ல போனது பயமா தான் இருக்கணும், அப்புறம் உடம்பு பெருத்துச்சு, பெருத்ததால பறக்குறதும் போச்சு. நான் புரிஞ்சுக்கிட்டது இது தான்.

எப்ப ஆரம்பிச்சுது இதுன்னா, உறுதியா வீட்டுக்கோழின்னு சொல்லக்கூடிய பழைய எலும்புங்க தாய்லாந்துல பான் நோன் வாட்ங்கிற இடத்துல கிடைச்சிருக்கு, கிமு 1650ல இருந்து 1250க்குள்ள. காட்டை திருத்தி நெல்லும் தினையும் விதைச்ச இடத்துக்கு தானியம் பொறுக்க வந்த கோழிகள்ல பயம் கம்மியா இருந்தது தான் மனுசன் பக்கத்துல தங்கியிருக்கும்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க.

ஆனா வீட்டுக்கோழிகிட்ட பயம் சுத்தமா செத்துப்போகல. உங்க வீட்டு வாசல்ல பருந்து நிழல் போகும்போது கவனிங்க, சேவல் மெல்லிசா நீட்டி ஒரு சத்தம் கொடுக்கும், அத்தனையும் அப்படியே உறைஞ்சு போகும், இல்ல பதுங்கும். கீரியோ நாயோ வந்தா விட்டு விட்டு கொக்கரிக்கும், எல்லாம் தலைய தூக்கிப் பார்க்கும். வானத்துக்கு ஒரு சத்தம், தரைக்கு ஒரு சத்தம், காட்டுல இருக்குறதும் இதே தான். ஹவாய்ல கவாய் தீவுல 1982லயும் 1992லயும் புயல் அடிச்சு வீட்டுக்கோழிங்க காட்டுக்குள்ள போயி, முன்னாடியே பாலினேசிய மக்கள் கொண்டுவந்து விட்ட காட்டுக்கோழி வம்சத்தோட கலந்து இப்ப தெருவெல்லாம் திரியுது, மரம் ஏறுது, தானே அடை உட்காருது, ஆனா டூரிஸ்ட் கையில இருக்குற ரொட்டிய வாங்கவும் கூச்சப்படாது. காட்டுல வாழ ஆரம்பிச்சுட்டா காட்டுக்கோழி ஆயிடும்னு இல்ல.

இதோட மறுபக்கம் தான் எனக்கு கவலையா இருக்கு. வீட்டுக்கோழி காட்டோரத்துல மேஞ்சு சிவப்புக் காட்டுக்கோழியோட கலந்து கலந்து, காட்டுல இருக்குறதுலயே சுத்தமான இரத்தம் குறைஞ்சுட்டு வருது. சுத்தமான சிவப்புச் சேவல் கோடை முடிஞ்சு இறகு உதிர்க்கும்போது கழுத்துல இருக்குற அந்த தங்கச்சிவப்பு நீள இறகெல்லாம் போயி கொஞ்ச நாளைக்கு குட்டையான கருப்பு இறகோட இருக்கும், வீட்டுச் சேவலுக்கு அப்படி வராது. பிரிஸ்பினும் பீட்டர்சன்ங்கிற பறவை ஆராய்ச்சியாளரும் மியூசியங்கள்ல இருக்குற பழைய காட்டுக்கோழித் தோல்கள எடுத்துப் பார்த்து, தென்கிழக்கு ஆசியாவுல இந்த அடையாளம் ரொம்ப முன்னாடியே மறைய ஆரம்பிச்சுடுச்சுன்னு 1998ல எழுதினாங்க. நம்ம சாம்பல் சேவலும் மழைக்காலத்துல இதே மாதிரி கழுத்துப் புள்ளி இறகெல்லாம் உதிர்ந்து மங்கலா திரியும், அத வேற பறவைன்னு நினைக்கிறவங்களும் உண்டு.

அப்போ சந்தையில ஒருத்தர் காட்டுக்கோழின்னு காட்டுனா என்ன பார்க்கணும்? பொட்டையோட தலைய பாருங்க, காட்டுப் பொட்டைக்கு கொண்டை இருக்குற மாதிரியே தெரியாது, செக்கச்செவேல்னு கொண்டை தொங்குனா அது கலப்பு. சாம்பல் பொட்டைக்கு நெஞ்சு வெள்ளையில கருப்பு ஓரம் வச்ச செதில் செதிலா இருக்கும். சேவல் கூவுறத கேளுங்க, சாம்பல் சேவல் கொக்கரக்கோன்னு இழுக்காது, வெட்டி வெட்டி "குக் காயா காயா குக்"ன்னு நிறுத்திடும். எல்லாத்துக்கும் மேல அது நிக்கிற விதம், கழுத்து நீண்டு, உடம்பு இறுகி, எந்த நேரமும் கிளம்பத் தயாரா. இதெல்லாம் இருந்து நிஜமாவே காட்டுக்கோழின்னு தெரிஞ்சா வாங்கவே வாங்காதீங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அத பிடிக்கிறது, கொல்றது, முட்டை எடுக்குறது, வீட்டுல வச்சுக்கிறது எல்லாமே குத்தம். இல்லன்னா, நாலு மடங்கு காசு கொடுத்து சாதா நாட்டுக்கோழிய வாங்கிட்டு வர்றீங்க. ரெண்டுமே நஷ்டம் தான், முதலாவது காட்டுக்கு.

பார்க்கணும்னு ஆசையா இருந்தா வால்பாறை ரோட்டுலயோ தேயிலைத் தோட்டம் காட்டோட சேர்ற இடத்துலயோ விடியுற நேரத்துல வண்டிய ஓரமா நிறுத்தி இஞ்சின ஆஃப் பண்ணிட்டு உள்ளயே உட்காருங்க. வண்டிய அது ஆபத்தா நினைக்காது, ரோட்டோரத்துக்கு வந்து சாணத்த கிளறி புழு பொறுக்கும், பொட்டை குஞ்சோட பின்னாடி வரும், பத்து நிமிசம் கூட பார்க்கலாம். நம்ம வீட்டு வாசல்ல மேயுற கோழிக்கும் அதுக்கும் அந்த நேரத்துல ஒரு வித்தியாசமும் தெரியாது. அப்புறம் போட்டோ எடுக்க நல்லா தெரியட்டும்னு கதவ மெதுவா திறப்பீங்க, சேவல் தலைய ஒரு தடவ தூக்கும், அவ்வளவு தான், சருகு மட்டும் ஆடிட்டு இருக்கும்.